மணப்படமும் இரவல் உடையும்

திருமணம் செய்யவிருக்கும் இருவர், மணநாளுக்குச் சில வாரங்கள் முன்பாகவே, அழகிய இடமொன்றைத் தேடிச் சென்று, ஆடையணிகளை மாற்றி மாற்றி உடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் இன்று நம் நாட்டில் வேரூன்றிவிட்டது. ‘பிரீ-ஷூட்’ என்ற பெயரால் நகரத்தாரும் கிராமத்தாரும் அதனை அறிவர். கடந்த நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் தைவானிலே பெருந்தொழிலாக வளர்ந்திருந்த இவ்வழக்கம், இன்று ஆசிய நாடுகள் பலவற்றிற் பரவி, நம் கல்யாண வீட்டுச் செலவுப் பட்டியலிலும் இடம் பிடித்துக்கொண்டது.

படம் எடுப்பவர் மணமக்களிடம் முதலிற் கேட்பது, என்ன உடையில் நிற்கப் போகிறீர்கள் என்பதே. கேட்பவரும் கேட்கப்படுபவரும் இதனை அழகு பற்றிய கேள்வியாகவே கொள்கின்றனர். நிறத்துக்கு நிறம் பொருந்துமா, பச்சை மலையின் முன்னே எச்சாயம் எடுபடும் என்றவாறு பேச்சு நிகழ்கிறது. இதில் அழகு பற்றிய கேள்வியோடு அறம் பற்றிய கேள்வி ஒன்றும் அடங்கியிருக்கிறது என்பதே நமது கருத்து. பிறர் ஒருவருடைய உடையை அரைநாள் அணிந்து கழற்றும் உரிமை நமக்கு உண்டா? உண்டெனில், அது எந்த எல்லைவரை செல்லும்?

விடை தேடுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். இவ்வழக்கத்தைக் கண்டவுடன் முகஞ்சுளிப்போர் பலர். தாலி கட்டுமுன் ஆணும் பெண்ணும் தோளோடு தோள் நிற்பதா என்று கேட்போர் அவருட் சிலர். அவர்களுடன் நாம் உடன்படுவதற்கில்லை. முன்னைய திருமணங்களிற் பொருந்தியவை சாதகங்கள், பேசப்பட்டது சீதனம், வாய் திறவாதிருந்தவள் மணப்பெண். கூறைச்சேலையைத் தெரிவதிற்கூட அவளுடைய விருப்பத்தைப் பொருட்படுத்தாத குடும்பங்கள் எத்தனை! அத்தகைய சமுதாயத்தில் இருவர் கூடியிருந்து, ‘இது வேண்டும், இது வேண்டாம்’ என்று உடை தெரிவது சிறியதேயாயினும் ஒரு சுதந்திரமாகும். அச்சுதந்திரத்தைப் பறிப்பது நம் நோக்கமன்று. கையில் வந்த சுதந்திரத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்பதே நாம் ஆராய வேண்டியது.

இரவல் உடையிற் படம் எடுப்பது புதிய செய்தியுமன்று. நம் ஊர்களின் பழைய புகைப்பட நிலையங்களுட் பலவற்றில் ஒரு கோட்டும் ஒரு கழுத்துப்பட்டியும் எப்போதும் ஆணியில் தொங்கின. படம் எடுக்க வந்தோர் எவரும் அவற்றை அணியலாம். தோள் அகன்றவருக்கு இறுகியும் மெலிந்தவருக்குத் தொங்கியும் அக்கோட்டு பலருடைய உடம்பில் ஏறி இறங்கியது. கடைச் சிப்பந்தியும் எழுதுவினைஞரும் சுருட்டுத் தொழிலாளியும் அந்த ஒரே கோட்டுடன் சுவர்ப்படங்களிற் காட்சி தந்தனர். இது பொய்யா? உள்ளதை உள்ளவாறு காட்டுவதே படத்தின் கடன் எனக் கொண்டால் பொய்தான். ஆயின், சுருட்டுத் தொழிலாளி அக்கோட்டை அணிந்து சொன்னது யாது? ‘நான் துரை’ என்று அவன் சொல்லவில்லை. ‘துரைக்குள்ள மதிப்பு எனக்கும் உண்டு’ என்றே சொன்னான். அதனை ஏமாற்று என்பதிலும் உரிமைக் கோரிக்கை என்பதே பொருந்தும்.

இக்கோரிக்கையின் கனத்தை உணர வேண்டுமாயின், உடை மறுக்கப்பட்ட வரலாற்றை நாம் நினைவுகூர வேண்டும். யாழ்ப்பாணத்திலே ஒடுக்கப்பட்ட சாதியினர் தோளிற் சால்வையிடுவதும், அவர்தம் பெண்டிர் மேலாடை அணிவதும் பொன் நகை பூணுவதும் குற்றமெனக் கருதப்பட்ட காலம் ஒன்றிருந்தது. கடலுக்கு அப்பால், திருவிதாங்கூரிலே, நாடார் குலப் பெண்கள் மேலாடை உரிமைக்காகப் பல்லாண்டு அல்லற்பட்டு 1859 ஆம் ஆண்டில் அரச பிரகடனம் ஒன்றைப் பெற்றனர். அப்பிரகடனத்திலும் ஒரு முள் இருந்தது. உடலை மறைக்கலாம், ஆனால், மேற்சாதிப் பெண்டிர் மறைக்கும் முறையில் மறைத்தலாகாது! மானத்தையும் உடலையும் காப்பது உடை என்பது பாதி உண்மையே. சமுதாயத்தில் ஒருவன் நிற்கவேண்டிய இடம் இதுவென எழுதி அவன் உடம்பில் ஒட்டிய சீட்டாகவும் உடை இருந்து வந்துள்ளது. அச்சீட்டைக் கிழித்தெறிந்தவர்களின் பேரரே இன்று விரும்பியதை உடுத்துப் படத்துக்கு நிற்கின்றனர்.

ஆகவே, மேல்நோக்கி அணியும் உடையை நாம் எளிதிற் பழித்தலாகாது. 1815 இல் வீழ்ந்த கண்டியரசிலே பிரதானிகளுக்கு உரியதாயிருந்த நிலமே உடையை இன்று சிங்கள மணமகன் எவனும் வாடகைக்கு எடுத்து அணிகிறான். யாழ்ப்பாணத்து மணமகன் தலைப்பாகை சூடி ஒரு பொழுது மன்னனாகிறான். விக்ரோறியா மகாராணி 1840 இல் தம் திருமணத்துக்கு வெண்ணிற உடை அணிந்ததன்பின் பரவிய வழக்கம் நம் கிறித்தவ மணமகளிர்வரை வந்து சேர்ந்துள்ளது. இவையெல்லாம் முடியாட்சியின் நிழல்கள் என்று ஒருவர் வாதிக்கலாம். எனினும், இவற்றால் எந்த மன்னருக்கும் நட்டமில்லை. சிலருக்கே உரியதாயிருந்த ஒன்று எல்லோர்க்கும் பொதுவாவதிற் சமத்துவத்தின் சாயல் உண்டு. வாடகைப் பணத்தை யார் கொடுப்பது என்ற கேள்வி மட்டும் எஞ்சுகிறது. அது பெண்வீட்டார் தலையிற் கடனாக விழுமானால், சீதனத்துக்குப் புதியதொரு வால் முளைத்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

கீழ்நோக்கி அணியும் உடையோ வேறு வகையானது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அலுவலகங்களிற் பணிபுரியும் மணமக்கள் மலைநாட்டுக்குச் சென்று, கொழுந்து பறிக்கும் பெண்ணாகவும் அவள் துணைவனாகவும் வேடம் புனைந்து நிற்பதுண்டு. மணமகளின் இடுப்பிற் படங்கு, முதுகிற் கூடை, நெற்றிக்கு மேலே கூடைக் கயிறு. கடற்கரைக்குச் செல்வோர் வலையை மடியில் இட்டுக்கொள்கின்றனர். வயலுக்குச் செல்வோர் சேறு படாத கலப்பையைத் தோளில் வைக்கின்றனர். இவர்கள் தீய எண்ணத்துடன் இவ்வாறு செய்கின்றனர் என்று நாம் சொல்லவில்லை. தீய எண்ணமின்றிச் செய்யப்படுவதனாலேயே இது சிந்தனைக்கு உரியதாகிறது.

வசதி படைத்தோரின் அழகுணர்வு உழைப்போரைப் படக்கருவியின் முன் நிறுத்திய கதை நம் நாட்டிற் பழையது. புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான யூலியா மார்கரெட் கமரன் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி 1875 இல் இலங்கைக்கு வந்து 1879 இல் இங்கேயே இறந்தார். அவருடைய கணவர், நம் அரசியல் வரலாற்றிற் படிக்கும் கோல்புறூக்-கமரன் விசாரணையில் ஈடுபட்ட கமரனே. கோப்பித் தோட்டங்களுக்குச் சொந்தக்காரர். இங்கிலாந்தில் வாழ்ந்தபோது அம்மையார் தம் வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்குத் துகில் போர்த்தி மரியன்னையாக்கிப் படம் எடுத்தவர். தெரிந்தவர்களை ஆதர் மன்னனின் கதைமாந்தராக்கியவர். இலங்கையிலோ உள்ளூர்க் குடியானவரும் தோட்டத் தொழிலாளரும் அவருடைய படங்களில் இடம்பெற்றனர். அவர்களுட் பலருடைய பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. களுத்துறைக் குடியானவர் என்பன போன்ற பொதுத் தலைப்புகளே எஞ்சின.

1877 இல் அவ்வீட்டுக்கு விருந்தினராக வந்த ஓவியர் மரியன் நோர்த் என்பாரும் படத்துக்கு நிற்க நேர்ந்தது. கம்பளித் துகில் போர்த்து, கூந்தலை அவிழ்த்து, தென்னோலை முனை தலையிற் குத்த, நண்பகல் வெயில் கண்ணிற் பட நிறுத்திவிட்டு, இயல்பாக இருக்குமாறு அம்மையார் தம்மைப் பணித்த கதையை நோர்த் நகைச்சுவையுடன் எழுதி வைத்தார். அவர் மறைந்தபின், 1892 இல், அவருடைய நினைவு நூல் வெளிவந்தது. இந்நாட்டு வெயிலில் நின்ற தொழிலாளிக்கு எது குத்தியது, எது கூசியது என்பதைச் சொல்ல ஒரு நூலும் வெளிவரவில்லை. இருவரும் படத்துக்கு நின்றவரே. ஒருவருக்குத் தம் கதையைச் சொல்லும் வாய்ப்பு இருந்தது. மற்றவருக்கு அது இருக்கவில்லை. வேற்றுமை அங்கேதான் தொடங்குகிறது. அன்று தொழிலாளியைப் படத்துள் நிறுத்தினர். இன்றோ தொழிலாளியை விலக்கிவிட்டு, அவளுடைய உடையை மட்டும் படத்துள் நிறுத்துகின்றனர்.

அவ்வுடையைச் சற்றே உற்று நோக்குவோம். படங்கு அழகுக்காகக் கட்டப்படுவதன்று. காலைப் பனியில் ஊறிய செடி உடுத்த துணியை நனைக்காமலும், கவ்வாத்து வெட்டிய கிளைமுனை உடம்பைக் கிழிக்காமலும் காக்கும் தடித்த மறைப்பு அது. கூடைக் கயிறு தலையில் மாட்டப்படுவது கைகள் இரண்டும் கொழுந்து எடுப்பதற்காக. நாள் முழுவதும் மலையில் ஏறி இறங்கியவள், நிறுக்கும்போது தோட்டம் குறித்த நிறைக்குக் குறைந்துவிட்டால், அவளுக்கு ‘அரைப்பேர்’ விழும். அதாவது, அவள் பாதிநாளே உழைத்தவளாவாள். 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட காலந்தொட்டு இம்மலைகளை ஆக்கிய மக்களின் சந்ததியை, 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்க 2003 இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் என்ற கோரிக்கை பல்லாண்டுப் போராட்டத்தின் பின்னரே, 2021 இல், கைகூடியது. இவ்வளவும் அந்தப் படங்கின் மடிப்பினுள் இருக்கின்றது.

படத்துக்கென வரும் படங்கிற் கறையில்லை. கூடையும் வெறுங்கூடையே. அது வெறுமையாக இருந்தாற்றான் மணமகள் நிமிர்ந்து நின்று சிரிக்க முடியும். கொழுந்து நிறைந்த கூடை கழுத்தைப் பின்னே இழுக்கும், முகத்தில் நரம்பு தெரியும், படம் கெட்டுவிடும். எனவே, உடையை எடுத்துக்கொண்டு அதன் பாரத்தை விட்டுவிடுகிறோம். ஓர் உடையின் பாரத்தை நீக்கினால் எஞ்சுவது வேடம். உழைப்பை அழகாக்கிக் காட்டும் இந்த வேடம், உழைப்பவளின் வாழ்வும் அழகாகவே இருக்கின்றது என்ற எண்ணத்தைப் பார்ப்போர் உள்ளத்தில் மெல்ல விதைக்கின்றது. அழகாக இருப்பதை மாற்றவேண்டும் என்று யார் போராடுவார்?

இக்கருத்தை உயர்தர வகுப்பிற் பேசியபோது மாணவி ஒருத்தி எழுந்து மறுத்தாள். “உழைப்பாளியின் உடையை இழிவென்று ஒதுக்கியவர்கள் பழைமைவாதிகள் அல்லவா, சேர்? மணநாளுக்கென்று அதை விரும்பி அணிபவர்கள் உழைப்புக்கு மதிப்புத்தானே கொடுக்கிறார்கள்?” என்று அவள் கேட்டாள். இது தட்டிக் கழிக்கத்தக்க வினாவன்று. உழைப்பின் உயர்வை எழுத்திலே போற்றும் நாம், படத்தில் அது வரும்போது மட்டும் எதிர்ப்பது முரண்பாடு போலவே தோன்றும்.

வரலாற்றில் உள்ள ஓர் எடுத்துக்காட்டு இங்கு நமக்கு உதவும். 1921 செப்ரெம்பரில் மதுரையிலே காந்தியடிகள், ஏழைக் குடியானவனைப் போல, அரையாடைக்கு மாறினார். 1927 இல் அவர் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோதும் அதே உடைதான். 1931 இல் இலண்டனிலே மன்னரைக் காணச் சென்றபோதும் அதனை மாற்றவில்லை. அவருடைய அரசியலை நாம் முழுதும் ஏற்பவரல்லோம். வர்க்கப் பகையை இணக்கத்தால் தீர்க்கலாம் என்ற அவருடைய நம்பிக்கையில் நமக்கு உடன்பாடில்லை. ஆயினும், உடை பற்றிய அவருடைய நேர்மையை மறுக்க இயலாது. ஏழையின் உடையை அணிந்தவர் அதனாற் குளிரையும் ஏளனத்தையும் தாமே ஏற்றார். படம் எடுத்து முடிந்ததும் கழற்றி வைக்கவில்லை. பிறருடைய உடையை மதிப்புக்காக அணிகிறோம் என்போர் அதன் பாரத்தில் ஒரு பங்கையாவது ஏற்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அணிவதால் நமக்கு யாதொரு இழப்பும் இல்லையெனில், நாம் கொடுத்தது மதிப்பன்று, எடுத்துக்கொண்டது அலங்காரம்.

இன்னொரு நிலையையும் எண்ணிப் பார்க்கலாம். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்திற் பிறந்து, படித்து, ஆசிரியையாகிய ஒருத்தி, தன் மணப்படத்துக்குத் தாயின் பழைய கூடையை முதுகிற் சுமந்து நிற்க விரும்புகிறாள் என்று கொள்வோம். அதே கூடை, அதே மலை. ஆயினும், அப்படத்தை எவராவது வேடம் என்பாரா? அக்கூடையின் கயிறு தாயின் உச்சந்தலையிற் பதித்த தடத்தை அவள் கையால் தடவி வளர்ந்தவள். பிறர் ஒளிக்கச் சொல்லும் பிறப்பை அவள் வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறாள். அங்கே கூடை பேசுகிறது. எனவே, குறிப்பிட்டதோர் உடை நல்லது, இன்னொன்று தீயது என்று சட்டம் வகுக்க முடியாது. அணிபவருக்கும் அந்த உடைக்கும் இடையே உள்ள உறவே அதன் நன்மை தீமையைத் தீர்மானிக்கின்றது. மாணவியின் வினாவுக்கு நம் விடையும் இதுவே.

மற்றுமொரு மறுப்பு எழக்கூடும். கூடையையும் படங்கையும் கொடுத்து உதவும் தொழிலாளிக்கு நாலு காசு கிடைக்கிறதே, அதையும் கெடுப்பதா? படத்துக்கு அருகில் நிற்குமாறு கேட்டு அவள் கையிற் பணம் வைப்போரும் உண்டு. அப்பணத்தை அவள் வாங்குவதில் ஓர் இழிவும் இல்லை. ஆனால், கொழுந்து பறிப்பதைக் காட்டிலும் கொழுந்து பறிப்பவளாகக் காட்சி தருவது இலாபமானது என்ற நிலை ஒரு நாட்டில் உண்டாகுமானால், வெட்கப்பட வேண்டியவர் யார்? அவளல்லள், அவள் உழைப்புக்கு அவ்விலையை விதித்தோரும், அதனைக் கேளாது படத்தை மட்டும் எடுத்துச் செல்வோருமே. பணம் கொடுத்தபின் கணக்குத் தீர்ந்தது என்று எண்ணுதல் எளிது. அவள் பெயரைக் கேட்டோமா? எடுத்த படத்தில் ஒரு பிரதி அவளுக்குச் சேர்ந்ததா? கமரன் அம்மையாரின் காலம் கடந்து ஒன்றரை நூற்றாண்டாகியும் பெயரில்லாத் தலைப்புகளையே நாம் எழுதிக்கொண்டிருக்கலாமா?

ஆகவே, உடை தெரிய அமரும் இருவருக்குச் சொல்லத்தக்கது மிகுதியில்லை. அவர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சிலவே. இவ்வுடை யாருடையது? இதை நாளும் அணிபவர் நம் எதிரே வந்து நின்றால், இதே சிரிப்புடன் அவர் முகத்தை நாம் பார்ப்போமா? இந்த உடையைக் கழற்றி வைக்கும் வசதி நமக்கு இருப்பது போல அவருக்கும் இருக்கிறதா? இச்செலவை யார் சுமக்கிறார்? இருவருட் பெண்ணானவள் தானே விரும்பித் தெரிந்தாளா, அன்றி மாப்பிள்ளை வீட்டாருக்கும் படக்காரருக்கும் பிடித்ததை உடுத்தாளா? இவற்றுக்குத் தடுமாறாமல் விடை சொல்ல முடியுமாயின், அவர்கள் பட்டுடுத்தாலும் பருத்தியுடுத்தாலும் குறைசொல்ல நமக்கு இடமில்லை.

அன்றியும், தம் சொந்த உடை ஒன்று தமக்கு உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். தாதியாகப் பணிபுரிபவளுக்கு அவள் வெண்சீருடை உண்டு. பேருந்துச் சாரதிக்கு வியர்வை படிந்த சட்டை உண்டு. ஆசிரியைக்கு, சோக்குத்தூள் படிந்தாலும் மடிப்புக் குலையாத கைத்தறிச் சேலை உண்டு. இவ்வுடைகளிலேதான் இருவரும் ஒருவரையொருவர் கண்டு விரும்பியிருப்பர். இவற்றிலேதான் இனிவரும் நாட்களின் பெரும்பகுதியைக் கழிப்பர். இவற்றை உடுத்து ஒரு படமாவது எடுத்தல் தகும். பிறர் உழைப்பை வேடமாக்காது தம் உழைப்பை மறைக்காது நிற்பதற்கு அதனினும் எளிய வழி வேறில்லை.

திருமணத்துக்கு அணிந்த மாலை மறுநாள் வாடும். வாடகை உடை கடைக்குத் திரும்பும். படம் மட்டுமே வீட்டுச் சுவரில் நிலைக்கும். நாளை அவ்வீட்டிற் பிறக்கும் குழந்தை அதைச் சுட்டி, “அம்மா, நீங்கள் கொழுந்து பறித்தீர்களா?” என்று கேட்கும். ‘இல்லை, அது சும்மா எடுத்த படம்’ என்ற விடையிலிருந்து அக்குழந்தை கற்றுக்கொள்வது, ஒருவருடைய வாழ்நாள் உழைப்பு மற்றொருவருக்குச் சும்மா விளையாட்டு என்பதே. நாங்கள் வகுப்பறையில் ஆண்டுக்கணக்காக நின்று போக்க முயல்வதும் அந்தப் பாடத்தையே.